இறங்குகிறது, ஏற மறுக்கிறது: கார்க் கதவு சுவிட்சைச் சோதித்து மாற்றுவது

எங்கள் காரின் பின்பக்க இடது ஜன்னல் கண்ணாடி ஒருநாள் மாலை இறங்கியது, அதன்பின் ஏறவில்லை. அந்தக் கதவிலுள்ள சுவிட்சை இழுத்தாலும் சரி, ஓட்டுநர் கதவிலுள்ள முதன்மை சுவிட்சை இழுத்தாலும் சரி, ஒரு முனகல்கூட இல்லை. பட்டறையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது, டீச்சர்" என்றார்கள். தலையாட்டினேன். புது மோட்டாரைப் பூட்டும்போது கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மூடிய கண்ணாடியைப் பார்த்துத் திருப்தியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் என் மகள் சுவிட்சை அழுத்தினாள். கண்ணாடி இறங்கியது. ஏறவில்லை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். இறங்கத் தெரிந்த மோட்டார் எப்படிச் செத்த மோட்டாராகும் என்ற கேள்வியை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காததற்கு ஒரு மோட்டாரின் விலை கொடுத்தேன். அன்றிரவு டார்ச்சும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்து கண்டுபிடித்ததையும், அதன்பின் உறவினர்களின் கார்களில் கைவைத்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

திருப்புளியைத் தொடுவதற்கு முன்

ஓட்டுநர் கதவில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும். குழந்தைகள் விளையாடாமல் இருக்க, மற்றக் கதவுகளின் சுவிட்சுகளை முடக்கிவைப்பது அதன் வேலை. யாருடைய முழங்கையாவது பட்டு அது அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், கதவைப் பிரித்துப் போட்டபிறகு இதைக் கவனித்த ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்.

பிறகு ஒரு தாளை எடுத்து, எந்தக் கண்ணாடி எந்த சுவிட்சுக்கு எந்தத் திசையில் அசைகிறது என்று குறியுங்கள். பாதி நோய் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். நான்கு கண்ணாடிகளும் அசையவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அல்லது முதன்மை சுவிட்சுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும் (காரில் எர்த் என்பது பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு சேர்ந்திருக்கும் இரும்பு உடல்). ஒரு கண்ணாடி ஓட்டுநரின் சுவிட்சுக்கு அசைந்து, தன் கதவின் சுவிட்சுக்கு மட்டும் அசையாவிட்டால் அந்தக் கதவின் சுவிட்ச். தலைகீழாக இருந்தால் முதன்மை சுவிட்ச். எதற்கும், எந்தத் திசையிலும் அசையாவிட்டால் மோட்டார், வயர், கனெக்டர் என்று மூன்றையும் சந்தேகிக்கலாம். ஒரு திசையில் மட்டும் அசைந்தால் மோட்டாரை விட்டுவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மீட்டரே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இருட்டியபிறகு இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, காரின் உள்விளக்கை எரியவிடுங்கள். விளக்கைப் பார்த்தபடி சுவிட்சை அழுத்துங்கள். கண்ணாடி அசையாமல் விளக்கு மட்டும் லேசாக மங்கினால் மின்னோட்டம் மோட்டார்வரை போகிறது. மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது கண்ணாடி எங்கோ சிக்கியிருக்கிறது. விளக்கு இமைகூடக் கொட்டாவிட்டால் வழியில் எங்கோ மின்சாரம் அறுந்திருக்கிறது. உள்விளக்கு எல்இடியாக இருந்தால் இந்த மங்கல் சரியாகத் தெரியாது. பழைய இழை பல்புதான் நேர்மையான சாட்சி. எங்கள் காரில் மகள் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். "இறக்கும்போது மங்குகிறது அம்மா, ஏற்றும்போது அப்படியே இருக்கிறது." அந்த ஒரு வரியில் பட்டறையின் தீர்ப்பு பொய்யானது.

இன்னொன்று: சுவிட்சை அழுத்திக்கொண்டே கதவின் உட்பலகையை, மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேராக, உள்ளங்கையால் தட்டுங்கள். தட்டியதும் கண்ணாடி நகர்ந்தால் மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்திருக்கிறது. அப்போது மோட்டார் மாற்றுவது நியாயம்தான்.

கதவைத் திறந்து கீல் பக்கம் பாருங்கள். கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே துருத்தி போல மடிந்த ஒரு ரப்பர் உறை இருக்கும். கதவின் எல்லா வயர்களும் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கிய வயரில் வெளியுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். சுவிட்சை அழுத்தியபடியே கதவை மெல்ல ஆட்டும்போது கண்ணாடி விட்டுவிட்டு நகர்ந்தால், சுவிட்ச் வாங்கப் போக வேண்டாம். அந்த உறையைக் கழற்றி ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த வயர் மட்டும் ரப்பர் போல நீளும்.

இரண்டு வயர், இரண்டு திசை

கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்குச் சாதாரணமாக இரண்டே வயர்கள். ஒன்றில் பிளஸ், மற்றொன்றில் எர்த் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். ஏற்றுவதும் இறக்குவதும் அதே இரண்டு வயர்களின் வழியேதான். எனவே ஒரு திசையில் ஓடுகிற மோட்டாரின் இரண்டு வயர்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. மாறுவது சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனைகள் மட்டுமே.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. சுவிட்ச் என்றால் பிளஸை அனுப்புவதும் நிறுத்துவதும் என்றுதான் நினைக்கிறோம். கார்க் கண்ணாடி சுவிட்ச் சும்மா இருக்கும்போதும் வேலை செய்கிறது: மோட்டாரின் இரண்டு முனைகளையும் எர்த்தில் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது ஒரு முனை எர்த்தை விட்டுப் பிளஸுக்குத் தாவுகிறது. மற்றொரு முனை இருந்த இடத்திலேயே எர்த்தில் நிற்கிறது. அந்த நிற்கிற முனை இல்லாமல் சுற்று பூர்த்தியாகாது. (விரலை எடுத்ததும் இரு முனைகளும் மீண்டும் எர்த்தில் சேர்ந்துவிடுவதால், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு கணம் ஜெனரேட்டராகித் தன்னையே பிரேக் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி வழுக்காமல் சட்டென்று நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

பின் கதவுகளில் இன்னொரு சுற்று கூடுகிறது. பழைய முறைக் கார்கள் பலவற்றில் பின் கதவு சுவிட்சுக்குச் சொந்த எர்த் கிடையாது. அது தன் இரண்டு வயர்களையும் ஓட்டுநரின் முதன்மை சுவிட்சுக்கு அனுப்பி, அங்கேதான் எர்த்தைக் கடன் வாங்குகிறது. ஆகவே முதன்மை சுவிட்சில் ஒரே ஒரு எர்த் தொடுமுனை கருகிவிட்டால் போதும்: பின் கண்ணாடி ஒரு திசையில், எந்த சுவிட்சை அழுத்தினாலும், அசையாது. மறுதிசையில் இரண்டு சுவிட்சுக்கும் ஒழுங்காக அசையும். எங்கள் வீட்டு நோய் அப்படியே இதுதான். குற்றவாளி உட்கார்ந்திருந்தது வேறொரு கதவில்.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று, தொடும் இரண்டு முனைகளும் இணைந்திருந்தால் பீப் ஒலி தரும் வகையாக. காரின் திரும்பு விளக்கில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு ஒன்று. நடுவே 20 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த, இரு முனையிலும் கிளிப் உள்ள வயர் ஒன்று; ஃபியூஸ் இல்லாத இன்னொன்று எர்த்துக்கு. பிளாஸ்டிக் நெம்புகோல், திருப்புளி, ஒட்டுநாடா.

பல்பு எதற்கு, மீட்டர் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. இருபது இழைகள் கொண்ட வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டி, "எல்லாம் சரி" என்று சொல்லிவிடும். கரி படிந்த தொடுமுனைக்கும் அப்படியே. 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். வழியில் பழுது இருந்தால் பல்பு பெரும்பாலும் எரியாது, அல்லது மங்கலாக எரியும். சந்தேகம் வந்தால் பல்பை நம்புங்கள்.

மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்கப் போகாதீர்கள். சாதாரண மீட்டர்கள் 10 ஆம்பியர்வரைதான் தாங்கும். முட்டி நிற்கும் மோட்டார் அதைத் தாண்டிவிடும்.

சுவிட்சை வெளியே எடுப்பது

இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். பல கார்களில் சுவிட்ச், கைவைக்கும் பகுதியில் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு பதிந்திருக்கும்; கதவின் உட்பலகையைக் கழற்றாமல் அதை மட்டும் நெம்பி எடுத்துவிடலாம். சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நெம்புகோலைச் சட்டத்தின் ஓரத்தில் நுழைத்து மெல்லத் தூக்குங்கள். ஒரு முனை கொக்கியாகவும் மறுமுனை கிளிப்பாகவும் இருப்பது வழக்கம். கிளிப் உள்ள பக்கம் "டக்" என்று விடும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் கொக்கி உள்ள பக்கத்தை நெம்பினால் கொக்கி உடையும். என் கையில் ஒன்று உடைந்தது; இன்றும் அந்தச் சட்டம் ஓட்டும்போது கிறீச்சிடுகிறது.

சில கார்களில் உட்பலகை முழுவதையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்படியானால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பக்கவாட்டு மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரிக்கச் சொல்லும் சென்சார் சில கார்களில் கதவுக்குள்ளேயே இருக்கிறது. அதன் கனெக்டர் கழன்ற நிலையில் இக்னிஷனைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் (காரின் கணினியோடு பேசும் கருவி) வைத்து அழிக்கும்வரை அணையாமல் போகலாம். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை வைக்காதீர்கள். ஏர்பேக் சுற்றுக்கு அந்த நிறம்தான் வழக்கம். உட்பலகையின் திருகுகள் கைப்பிடிக் குழியின் அடியிலும், கதவைத் திறக்கும் நெம்புகோலின் பின்னாலும் சிறு மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். எல்லாத் திருகையும் எடுத்தாகிவிட்டது என்று உறுதியானபின் கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளைப் பிடுங்கி, பலகையை மேல்நோக்கித் தூக்குங்கள். இழுத்தும் வரவில்லை என்றால் இன்னொரு திருகு பாக்கி இருக்கிறது என்று பொருள்.

கனெக்டரைக் கழற்ற அதன் நாக்கை அழுத்திப் பிடித்து, பிளாஸ்டிக் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் இல்லாத நோயை உண்டாக்கிக்கொள்வீர்கள். கழன்றதும் முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓட்டுநரின் சுவிட்ச் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. கண்ணாடி திறந்திருக்கும்போது விழும் மழைத்துளி முதலில் அதன் தலையில்தான் விழும். களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சிறு தூரிகையால் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிப் பார்த்ததிலேயே ஒரு கார் சரியானது. அந்த மாதிரி அதிர்ஷ்டம் எப்போதாவது வாய்க்கும்.

பின் கதவில் விளக்கு வைத்தல்

இனி எங்கள் காரில் செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். பின் கதவு சுவிட்சின் கனெக்டர் கழன்று தொங்குகிறது. பேட்டரியைக் கழற்றியிருந்தால் மாட்டுங்கள், இக்னிஷனைப் போடுங்கள். தடித்த வயர்கள் ஐந்து. கூடவே மெல்லிய வயர் இருந்தால் அது சுவிட்சுக்குள் எரியும் சிறு விளக்குக்கானது, அதை மறந்துவிடலாம்.

சோதனை விளக்கின் ஒரு முனையைக் கதவின் வண்ணம் பூசாத இரும்புத் திருகில் பிடித்து, மறுமுனையால் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்றில் பல்பு நன்றாக எரிந்தது. அது பிளஸ். அங்கே எரியாவிட்டால் ஃபியூஸ், பூட்டுப் பொத்தான், துருத்தி உறைக்குள் இருக்கும் வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

அடுத்து, விளக்கின் ஒரு முனையை அந்தப் பிளஸிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையால் மீதி நான்கைத் தொட்டேன். முதன்மை சுவிட்சிலிருந்து எர்த்தைக் கொண்டுவரும் வயர்கள் இரண்டு. ஆகவே இரண்டு இடங்களில் பல்பு எரிய வேண்டும். ஓரிடத்தில் எரிந்தது. இன்னோர் இடத்தில் இல்லை. மறுபடி எல்லாவற்றையும் தொட்டேன். ஒன்றுதான். அந்த நிமிடம்வரை பின் சுவிட்சை மாற்றுவது என்றுதான் எண்ணியிருந்தேன். மாற்றியிருந்தால் மோட்டாரோடு சேர்த்து இரண்டாவது தண்டச்செலவு.

எர்த் கிடைக்காத மூன்று முனைகளில் இரண்டு மோட்டாருக்குப் போகிறவை. மீட்டரை ஓம் நிலையில் வைத்துத் தேடினால் ஏதோ இரண்டுக்கு நடுவே மட்டும் ஓரிரு ஓம் காட்டும், அவைதான். ஃபியூஸ் உள்ள வயரால் பிளஸை அவற்றில் ஒன்றுக்குக் கொடுத்து, மற்றொன்றை வெற்று வயரால் அதே இரும்புத் திருகில் சேர்த்தேன். கண்ணாடி ஜோராக ஏறியது. தவறான திசையில் ஓடினால் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். இப்படி நேரடியாகக் கொடுக்கும்போது நிறுத்த யாரும் இல்லை. கண்ணாடியின் பாதையில் கையோ தலையோ இருக்கக் கூடாது, குழந்தைகள் காருக்குள் இருக்கவே கூடாது. மேலே முட்டியதும் உடனே எடுத்துவிடுங்கள். கீழேயும் மேலேயுமாகத் திரும்பத் திரும்பச் சோதித்தால் பல மோட்டார்களில் உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். "இப்போது மோட்டாரும் போய்விட்டதே" என்று பதற வேண்டாம்; சில நிமிடம் ஆறவிட்டால் விழித்துக்கொள்ளும்.

உங்கள் காரில் பிளஸும் இரண்டு எர்த்தும் சரியாக வந்து, நேரடியாகக் கொடுத்தால் கண்ணாடியும் ஓடினால், பின் சுவிட்சேதான் பழுது. அதைக் கையில் வைத்து மீட்டரால் உறுதி செய்யலாம். யாரும் அழுத்தாத நிலையில் முதன்மையிலிருந்து வரும் இரண்டு முனைகளும் மோட்டாரின் இரண்டு முனைகளோடு ஒன்றுக்கொன்று சேர்ந்திருக்க வேண்டும். ஏற்றும் பக்கம் இழுத்தால் ஒரு மோட்டார் முனை பிளஸ் முனையோடு சேரும். மற்றது அசையாமல் இருக்கும். இறக்கும் பக்கம் அழுத்தினால் எதிர்மாறாக. எங்கே பீப் வர வேண்டுமோ அங்கே வராவிட்டால், அல்லது பல ஓம்கள் காட்டினால், அந்தத் தொடுமுனை போய்விட்டது.

முதன்மை சுவிட்ச்: ஏழு பீப், ஒரு மௌனம்

எங்கள் காரில் ஒரே தொடுதலில் முழுக்க இறங்கும் வசதி எந்தக் கண்ணாடிக்கும் கிடையாது. அதனால் முதன்மை சுவிட்ச் வெறும் தொடுமுனைகளின் கூட்டம்தான். நான்கு கண்ணாடிகளுக்கும் தலா இரண்டாக எட்டு முனைகள், ஒரு பிளஸ், ஒரு எர்த். கனெக்டரில் எர்த் எது என்று கண்டுபிடிக்கப் பழையபடி பிளஸில் விளக்கை வைத்துத் தேடுங்கள். பெரும்பாலும் கருப்பு வயர். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

சுவிட்சை மேசையில் கவிழ்த்து வைத்து, மீட்டரின் ஒரு முனையை எர்த் முனையில் பிடித்தேன். பூட்டுப் பொத்தான் விடுபட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சில கார்களில் அது எர்த்தையே துண்டிக்கும், அப்போது நல்ல சுவிட்சும் கெட்டதாகத் தெரியும். மறுமுனையால் எட்டையும் தொட்டுக்கொண்டே போனேன். ஏழு இடத்தில் பீப் வந்தது. பின் இடதுக்கு உரிய இரண்டில் ஒன்றில் ஒலி இல்லை. அந்தப் பித்தானை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டியபின் ஒருமுறை கீச்சென்று ஒலித்து, மறுபடி அடங்கியது. கருகிய தொடுமுனையின் குணம் அதுதான்.

கழற்றாமலே இதைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. கனெக்டர் மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியைச் செருகுங்கள். முன்பக்கத் துளையில் குத்தினால் அது அகன்று தளர்ந்துவிடும். மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, யாரையாவது சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, பிளஸ் முனைக்கும் அது போய்ச் சேர வேண்டிய மோட்டார் முனைக்கும் நடுவே அளங்கள். பிறகு மற்ற மோட்டார் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே. நல்ல தொடுமுனையில் காணாமல் போகும் வோல்ட் அரைக்கும் குறைவு. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று தொலைந்தால் கண்ணாடி ஏறினாலும் திணறித்தான் ஏறும். அளந்தபோது வோல்ட் எங்கும் தொலையவில்லை, கண்ணாடி மட்டும் மெதுவாக ஏறுகிறது என்றால் சுவிட்சை விடுங்கள். கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளம் காய்ந்திருக்கிறது. சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள்.

துடைப்பதா, மாற்றுவதா

எனக்குத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் நாக்குகளை விடுவித்து மூடியைத் தூக்கினேன். தூக்கியதும் ஒரு ஸ்பிரிங் தாவி அலமாரிக்கு அடியில் போனது. அன்றிலிருந்து சுவிட்சுகளை ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுத்தான் திறக்கிறேன்.

உள்ளே ஒவ்வொரு பித்தானின் அடியிலும் சீசா பலகை போல ஆடும் சிறிய செம்புத் தகடுகள் இரண்டு. ஒவ்வொன்றின் ஒரு நுனியிலும் பொட்டு போல ஒரு தொடுமுனை. அது எர்த்துக்கும் பிளஸுக்கும் இடையே தாவும். மற்ற ஏழும் வெள்ளிப் பளபளப்பு மங்கி, ஆனால் வழவழப்பாக இருந்தன. எட்டாவதில் பொட்டு இருந்த இடத்தில் கடுகளவு கருங்குழி, சுற்றிலும் புகைக்கரி, அருகிலிருந்த பிளாஸ்டிக் சுவர் இளகி வழிந்து உறைந்திருந்தது. கண்ணாடி மேலே முட்டியபிறகும் விரலை எடுக்காமல் இழுத்துப் பிடிக்கும்போது மோட்டார் சுற்ற முடியாமல் மின்னோட்டத்தை அள்ளி இழுக்கிறது. அந்த மின்னோட்டம் முழுவதும், எர்த்தில் நிற்கிற இந்தப் பொட்டின் வழியாகத்தான் போகிறது; தொடுதல் சற்றுத் தளர்ந்திருந்தால் இங்கேதான் சூடேறிக் கருகும். கண்ணாடி சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை கூடுதலாக இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். ஆக, கருக்கியவள் நானே.

மிக நுண்ணிய உப்புத்தாளை மடித்துக் குழியைச் சுற்றித் தேய்த்து, ஆல்கஹாலால் கழுவி, மாட்டினேன். ஏறியது. நான்கு மாதம் ஏறியது. பிறகு பழைய கதை. தொடுமுனையில் வெறும் அழுக்கோ களிம்போ படிந்திருந்தால் துடைப்பது போதும், வருடக்கணக்கில் ஓடும். குழி விழுந்துவிட்டால், பிளாஸ்டிக் இளகிவிட்டால், துடைப்பது புதியது வந்து சேரும்வரை சமாளிக்க மட்டுமே. மேல்பூச்சு உரிந்த இடம் மறுபடி சீக்கிரமே கருகும்.

புதிதை வாங்கும்போது பழைய சுவிட்சின் முதுகில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணைக் கொண்டுபோங்கள். ஒரே கார், ஒரே வருடம் என்றாலும், வெளியே மடங்கும் பக்கக் கண்ணாடிக்கும் (மிரர்), ஜன்னல் கண்ணாடி ஒரே தொடுதலில் இறங்குவதற்கும் வசதி உள்ளதும் இல்லாததுமாக நாலைந்து வகைகள் இருக்கும். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். முனைகளின் எண்ணிக்கையையும் காலியாக விடப்பட்ட இடங்களையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உடைத்து விற்கும் கார்களிலிருந்து எடுத்ததையும் வாங்கலாம். மேலே சொன்ன பீப் சோதனையை அங்கேயே நின்று செய்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழைய கார்களில் இருந்த சீசா வகை சுவிட்சுக்குப் பதிலாக, ஏற்றுவதற்கு மேல்நோக்கி இழுக்க வேண்டிய வகையை இப்போது பார்க்கிறோம். அழகுக்காக அல்ல. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் சீசா சுவிட்சில் ஊன்றினால் கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரித்துவிடும். இழுத்தால்தான் ஏறும் சுவிட்சை முழங்காலால் ஏற்ற முடியாது. பொருந்துகிறதே என்று வேறு வகையை மாட்டிவிடாதீர்கள்.

வயர் மெலிந்திருந்தால்

இதுவரை சொன்னது மோட்டாரின் மின்னோட்டமே சுவிட்சின் வழியாக ஓடும் கார்களுக்கு. புதிய கார்கள் பலவற்றில் சுவிட்ச் வெறும் செய்தி மட்டும் அனுப்புகிறது. கதவிலோ மோட்டாரிலோ உள்ள மின்னணுப் பலகை அதைக் கேட்டு மோட்டாரை ஓட்டுகிறது. அடையாளம் எளிது. நான்கு கண்ணாடிகளுக்கான முதன்மை சுவிட்சின் பின்னால் நூல் போன்ற நாலைந்து வயர்கள் மட்டும் இருந்தால் அது இந்த வகை. அங்கே பிளஸை நேரடியாகக் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. 21 வாட் பல்பையும் வைக்காதீர்கள். மின்னணுப் பலகை கருகும், அதன் விலையோடு பார்த்தால் சுவிட்சின் விலை வேடிக்கையாகத் தெரியும். ஸ்கேனரில் சுவிட்சை அழுத்தும்போது செய்தி மாறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. சில கார்களில் புது சுவிட்சைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்கவும் வேண்டும்.

திரும்ப மாட்டுவது

கனெக்டர் "டக்" என்று பூட்டும் ஒலி கேட்க வேண்டும். சட்டத்தை அழுத்துவதற்கு முன், சுவிட்ச் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இக்னிஷனைப் போட்டு நான்கு கண்ணாடிகளையும் இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். பூட்டுப் பொத்தானையும், கதவுப் பூட்டும் பக்கக் கண்ணாடியும் அதே சுவிட்சில் இருந்தால் அவற்றையும். பின் கதவுகளில் ஒருவரை உட்காரவைத்து அங்கிருந்தும் இயக்கச் சொல்லுங்கள். உட்பலகையைக் கழற்றியிருந்தால், உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பசையோடு மீண்டும் சரியாக ஒட்டுங்கள். அதைக் கிழித்தெறிந்துவிட்டால் அடுத்த மழையில் காலடி விரிப்பு நனையும். பேட்டரியை மாட்டும்போது நெகட்டிவ் முனை கடைசி.

ஒரே தொடுதலில் ஏறும் வசதி உள்ள கண்ணாடிகள் பேட்டரியைக் கழற்றியபின் தங்கள் எல்லையை மறந்துவிடுவதுண்டு. கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு முழுக்க ஏற்றி, மேலே முட்டியபின்னும் சுவிட்சைச் சில நொடிகள் இழுத்துப் பிடிப்பது பல கார்களில் அதை நினைவூட்டும் முறை; உங்கள் காருக்கு எத்தனை நொடி, எந்த வரிசை என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிவந்த பழைய மோட்டார் இப்போது பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. பற்சக்கரத்தை எடுத்துவிட்டுத் தண்டை விரலால் சுற்றச் சொன்னால் மாணவர்கள் எளிதாகச் சுற்றுகிறார்கள். அதன் இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்கிறேன். தண்டு இறுகுகிறது. "உள்ளே யாரோ பிடிக்கிறார்கள் டீச்சர்" என்றான் ஒருவன்.